அரை டம்ளர் CH₂O

மரணத்தை நேருக்கு நேர் பார்த்து, மீசையை முறுக்கிச் சிரிக்கும் மாவீரர்கள் நூற்றாண்டுக்கு ஒருவர்தான் இந்த மண்ணில் பிறக்கிறார்கள். இந்த நூற்றாண்டுக்கான ஆள் உமேஷ் இல்லை என்பது, செம்பாக்கம் 'ஷ்யாம்ஸ் மாலிக்யூல் அகாடமி'யின் முதல் மாடியில், ஒரு மே மாத மத்தியானம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாயிற்று. அவன் டைரக்டர் அறை சோஃபாவில் மல்லாந்து கிடந்தான். இரண்டு கைகளாலும் தன் தொண்டையையே பிடித்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, எரியுது."

"எங்கடா எரியுது?" என்றாள் லோகநாயகி.

"நீங்க எங்க கேட்டாலும் அங்க எரியுது."

லோகநாயகி அவனைத் திட்டவில்லை. அதுதான் உமேஷைப் பயமுறுத்தியது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே 'லோகா டிடெக்டிவ் ஏஜென்சி' நடத்துகிறவள் அவள். மூன்று வருஷமாக அவளிடம் அவன் உதவியாளன். திட்டு வாங்காத நாள் என்று ஒன்று கிடையாது. இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறாள். 'கண்ணு' என்றுகூட ஒரு தடவை சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் திடீரென்று அன்பாகப் பேசினால் என்ன அர்த்தமோ, அதே அர்த்தம்தான்.

எல்லாம் அரை டம்ளர் தண்ணீரால் வந்தது.

அவர்கள் வந்தது ஒரு பாட்டிலைத் தேடி. அகாடமியின் ஆய்வகத்தில் பூட்டிய கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு ரசாயன பாட்டில் காணாமல் போயிருந்தது. அழைத்தவர் டைரக்டர் ஷ்யாம்சுந்தர். கேம்ப் ரோட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வரை ஃப்ளெக்ஸ் பேனர்களில் கைகளைக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர். பெயருக்கு மேலே 'வேதியியல் வேந்தர்' என்று போட்டிருக்கும். பெயருக்குக் கீழே, தாம் சர்க்கரையைத் தொட்டு ஆறு வருஷமாகிறது என்றும், அந்த ரகசியத்தை யூடியூபில் காணலாம் என்றும் போட்டிருக்கும். வேதியியலை விட அந்தச் சேனலுக்குத்தான் கூட்டம் அதிகம்.

வந்ததும் வரவேற்பறைப் பெண் ஜோவிதா டைரக்டர் அறைக் கதவைத் தட்டினாள். கதவு திறக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஷ்யாம்சுந்தர் கைக்குட்டையால் மீசையை ஒற்றியபடி வெளியே வந்து, லோகநாயகியை ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார். உமேஷைப் பார்த்து, "தம்பி ஏசியில் அமரட்டும்" என்றார்.

தம்பி அமர்ந்தான். எதிரே அலமாரியில் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் வெளிறிப்போன ஒரு பாம்பு சுருண்டுகொண்டு அவனையே பார்த்தது. நாக்கு வறண்டது. மேஜைமேல் ஒரு எவர்சில்வர் டம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் மூடி. மூடியைக் கொஞ்ச நேரம் பம்பரமாகச் சுற்றி விளையாடினான். அதுவும் சலித்ததும் டம்ளரை எடுத்தான். அடுத்தவர் டம்ளர் என்பதால் வாய் வைக்கவில்லை. அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. அண்ணாந்து, ஒரு சாண் உயரத்திலிருந்து, கடைசிச் சொட்டு வரை ஊற்றிக்கொண்டான். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. ஜோவிதா வந்து, காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு லோகநாயகியும் ஷ்யாம்சுந்தரும் திரும்பி வந்தார்கள். லோகநாயகியின் கண் நேராக அந்த மூடிக்குப் போயிற்று. எடுத்துத் திருப்பினாள். மூடியின் தலையில் சின்னதாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. அதில் எழுதியிருந்தது: CH₂O.

"சார், காணாமப் போன பாட்டில்ல என்ன எழுதியிருந்ததுனு சொன்னீங்க?"

ஷ்யாம்சுந்தர் மூடியைப் பார்த்தார். பிறகு மார்பை நிமிர்த்தினார்.

"CH₂O. அதாவது ஃபார்மால்டிஹைடு. கொடிய நஞ்சு. அதோ, அந்தப் பாம்பு மூழ்கியிருப்பது அதன் கரைசலான ஃபார்மலினில்தான். என் மேஜைக்கே வந்துவிட்டானா! இது முகிலன் வேலை. நான் வேலையை விட்டு நீக்கிய ஆசிரியர். என் தண்ணீரில் நஞ்சைக் கலந்திருக்கிறான்!"

"எந்தத் தண்ணில?" என்றான் உமேஷ்.

"இங்கே டம்ளரில் இருந்த... டம்ளர் எங்கே?"

வாசலில் ஜோவிதா தலையை நீட்டி, "கழுவிக் கவுத்துட்டேன் சார்" என்றாள். "இவருதான் குடிச்சு முடிச்சிட்டாரே."

அந்த நிமிஷம்தான் உமேஷ் சோஃபாவில் சாய்ந்தது.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. லோகநாயகியின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் ஓட்டுநர் குரல் கேட்டது: "மேடம், கேம்ப் ரோடு சிக்னலாண்ட நிக்கிறோம். மெட்ரோ வேலைக்கு ரோட்டை அடைச்சு வெச்சுக்கீறாங்க. நவுரவே மாட்டேங்குது. பேஷன்ட்டுக்கு நெனவு கீதா?"

"கீது, கீது!" என்று உமேஷ் படுத்தபடியே கத்தினான். "சீக்கிரம் வாண்ணா! நெனவு மட்டுந்தான் கீது!"

ஷ்யாம்சுந்தர் அவன் தலைமாட்டில் வந்து நின்றார். பேனரில் நிற்பது போலவே கைகளைக் கட்டிக்கொண்டார்.

"அஞ்சாதே தம்பி. ஃபார்மலினில் இட்ட உடல் நூறாண்டு ஆனாலும் அழியாது."

"அழியாம இருந்து இன்னா சார் பிரயோஜனம்? யாரு வந்து பாக்கப்போறா? ஜாடில போட்டு இந்தப் பாம்பு பக்கத்துல வெப்பீங்க. அதுக்காவது நம்ம பேரு தெரியுமா?"

சொல்லிவிட்டு அவனே ஜாடியைப் பார்த்தான். பாம்பின் கண் பால் மாதிரி வெளுத்திருந்தது. அதன் தோல் ஓரத்தில் உரிந்து, திரவத்தில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உமேஷின் வாய் பேசிக்கொண்டிருந்தது. வாய்க்குக் கீழே மற்ற எல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"வாந்தி எடுத்துடட்டுமாக்கா? வெரலை விட்டு?"

"வேண்டாம். என்ன குடிச்சேன்னு தெரியாம அதைச் செய்யக்கூடாது." லோகநாயகி எழுந்தாள். "குடிக்கறப்போ நெடி அடிச்சிதா?"

"நம்ம மூக்குதான் கொரோனாவோட போச்சேக்கா. நாக்கும் பாதி போச்சு. காப்பியும் கஷாயமும் எனக்கு ஒண்ணுதான்."

அவள் குனிந்து அவன் சட்டையை முகர்ந்தாள். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன் மூக்குக்குத் தெரியாத காரணத்தால் உமேஷ் தினமும் அரை டப்பா சென்ட் அடித்துக்கொண்டு வருவான். தாம்பரம் ஸ்டேஷனில் அவன் இறங்கினால் பிளாட்பாரம் கடைசியில் நிற்பவருக்குத் தெரியும். அந்த மல்லிகைப் புயலில் எந்த நஞ்சின் நெடியும் நிற்காது.

"ஜோவிதா, டம்ளரைக் கழுவறப்போ ஏதாவது வாடை?"

"எலுமிச்சை சோப்பு வாடைதான் மேடம்." ஜோவிதா அழ ஆரம்பித்தாள். "நான் கழுவியிருக்கக்கூடாது. நான்தான் பாட்டில் கொறையுதுன்னும் சொன்னேன். பேரன்ட்ஸ் எல்லாம் நின்னாங்க, அவங்க முன்னாடியே சொல்லிட்டேன். எல்லாம் என்னாலதான்."

லோகநாயகி விறுவிறுவென்று எதிரே இருந்த ஆய்வகத்துக்குப் போனாள். சோஃபாவில் தனியாகப் பாம்போடு இருக்கப் பயந்து உமேஷும் பின்னாலேயே தள்ளாடிக்கொண்டு போனான். கண்ணாடி அலமாரிக்குள் மூன்று பாட்டில்கள் இருந்தன. மூன்றிலும் தண்ணீர் போல நிறமில்லாத திரவம். மூன்றிலும் ஒரே எழுத்து: CH₂O. நாலாவது இடம் காலியாக இருந்தது.

"இதெல்லாமும் அதேதானா?" என்று உமேஷ் கேட்டான். "ஒரே வெஷத்தை நாலு பாட்டில்லயா வாங்கி வெச்சுக்கீறீங்க? ஆஃபர்லயா?"

"திறங்க சார். ஒவ்வொண்ணா முகர்ந்து பாத்துடலாம்" என்றாள் லோகநாயகி.

ஷ்யாம்சுந்தர் அலமாரிக்கு முன்னால் பாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்து நின்றார். "கூடாது! நச்சு வாயு! மேலும், சாவி இல்லை. காலையிலிருந்து காணவில்லை. முகிலன்தான் எடுத்திருக்க வேண்டும்."

"முகிலன் நம்பர் இருக்கா?"

"அவனோடு பேசுவதா? அவன்மேல் போலீஸில் புகார் கொடுக்கப்போகிறேன்."

"ஜோவிதா, உங்ககிட்ட இருக்கா?"

ஜோவிதாவிடம் இருந்தது. பாட்டில்களில் எழுதி ஒட்டியவரும் முகிலன்தான் என்றாள். முகிலன் இப்போது மாடம்பாக்கத்தில், கோயில் தெருவில் ஒரு வாடகை அறையில் டியூஷன் எடுக்கிறான். லோகநாயகி ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. உமேஷ் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு மணிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டான். தாம்பரத்துச் சாமிகளில் தொடங்கி, பல்லாவரத்துச் சாமிகள் வரை வந்துவிட்டான். அப்போது எடுத்தார்கள்.

"முகிலன் சார், நான் லோகநாயகி, துப்பறியறவ. ஷ்யாம்ஸ் அகாடமிலேருந்து பேசறேன். நீங்க CH₂Oன்னு எழுதி ஒட்டின பாட்டில்ல இருந்ததை எங்க பையன் குடிச்சிட்டான்."

மறுமுனையில் பிள்ளைகளின் இரைச்சல் சட்டென்று அடங்கியது. முகிலன் கையைக் காட்டி அடக்கியிருக்க வேண்டும்.

"எந்த CH₂O?" என்றான்.

உமேஷ் தலையைத் தூக்கினான். அந்தக் கேள்வி அவன் முதுகுத்தண்டில் ஐஸ் கட்டி மாதிரி இறங்கியது.

"எத்தனை இருக்கு?" என்றாள் லோகநாயகி.

"நாலு மேடம். நாலும் வேற வேற சரக்கு. நான் எழுதினது எளிய விகித வாய்ப்பாடு. கார்பன் ஒண்ணுன்னா ஹைட்ரஜன் ரெண்டு, ஆக்சிஜன் ஒண்ணு. அந்த விகிதம் மட்டும்தான் அது சொல்லும். நிஜத்துல ஒரு மூலக்கூறுல எத்தனை அணு இருக்குன்னு சொல்லாது. பசங்க அதைக் கண்டுபிடிக்கணும்னு வேணும்னேதான் ஒரே மாதிரி எழுதினேன்."

"புரியற மாதிரி சொல்லுங்க சார். ஆளு தரையில கிடக்கறான்."

"தோசை மாவுக்கு நாலுக்கு ஒண்ணுன்னு போடுவீங்கல்ல? நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து. நாப்பது கிலோவுக்குப் பத்து கிலோ போட்டாலும் அதே நாலுக்கு ஒண்ணுதான். விகிதத்தை மட்டும் கேட்டா, அந்த வீட்டுல நடக்கறது டிபனா, கல்யாணமான்னு தெரியாது. எத்தனை மடங்குன்னு தெரியணும். இதுலயும் அப்படித்தான். CH₂O ஒரு மடங்குன்னா ஃபார்மால்டிஹைடு. அதையே ரெண்டால பெருக்கினா C₂H₄O₂. அது வினிகர்ல இருக்கற அமிலம். மூணால பெருக்கினா தயிர்ல இருக்கற லாக்டிக் அமிலம். ஆறால பெருக்கினா C₆H₁₂O₆. அது குளுக்கோஸ்."

உமேஷ் நான்கு பாதைகள் தன் தொண்டைக்குள் பிரிந்து போவதைப் பார்த்தான். ஒன்றில் பாம்பு இருந்தது. ஒன்றில் ஊறுகாய். ஒன்றில் தயிர். ஒன்றில் காய்ச்சல் வந்தால் அம்மா கலக்கிக் கொடுக்கும் பொடி.

"ஒரு மடங்கா இருந்தா?" என்றாள் லோகநாயகி.

"ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது மேடம். ஆனா அதுக்கு நெடி இருக்குமே? மூக்கைப் பிடுங்கும்."

"இவனுக்கு மூக்கு இல்லை."

"வாய் வெந்து போயிருக்குமே?"

"எரியுதுங்கறான்."

மறுமுனையில் முகிலன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு உமேஷ் லோகநாயகியின் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டான்.

"ஆறு மடங்கா இருந்தா சார்?" என்று அவனே கேட்டான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"இன்னொரு டம்ளர் கேப்பீங்க."

"பாட்டில்ல எது எதுன்னு அடையாளம் எதுவும் வெக்கலையா?" என்று லோகநாயகி அவசரமாகக் கேட்டாள்.

"வெச்சேனே. ஒவ்வொரு பாட்டிலுக்குப் பின்னாலயும் மடங்கு எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். வீடியோவுல அசிங்கமா இருக்குன்னு டைரக்டர் உரிச்சுட்டார். வரிசைப்படி அடுக்கியிருந்தேன். உயரமான பாட்டில் பின்னால இருந்தா எடுப்பா இருக்கும்னு அதையும் மாத்திட்டார். அதைக் கேட்டதுக்குத்தான் மேடம் எனக்கு வேலை போச்சு. எது எதுன்னு இப்ப சாமிக்குத்தான் தெரியும்."

ஷ்யாம்சுந்தர் உரக்கச் செருமினார். "மடங்காவது, முழமாவது. குழப்புகிறான். CH₂O என்றால் ஃபார்மால்டிஹைடு. கூகுளிலேயே இருக்கிறது."

ஆம்புலன்ஸ்காரர் மறுபடி கூப்பிட்டார். சிக்னலைத் தாண்டிவிட்டார்களாம். இப்போது முன்னால் ஒரு சாமி ஊர்வலமாம்.

டைரக்டர் அறைக்குத் திரும்பினார்கள். உமேஷ் மறுபடி சோஃபாவில் சரிந்தான். சட்டையில் தண்ணீர் சிந்திய இடம் காய்ந்து, இஸ்திரிக் கஞ்சி போட்டது மாதிரி விறைத்திருந்தது. விஷம் துணியையே இப்படி ஆக்குகிறதென்றால் குடலை என்ன பண்ணும்?

"அக்கா, என் பைக்கை நீங்களே வெச்சுக்கோங்க. ஹாரன் அடிச்சா இண்டிகேட்டர் எரியும், மத்தபடி நல்ல வண்டி."

லோகநாயகி அவன் சட்டையைத் தொட்டாள். விறைத்த இடத்தை இரண்டு விரல்களால் தேய்த்தாள். விரல்கள் லேசாக ஒட்டிப் பிரிந்தன. உமேஷ் அவள் கையைப் பார்த்தான். அது நடுங்கிக்கொண்டிருந்தது.

"இந்தச் சட்டையில வேற ஏதாவது கொட்டினியா? டீ, ஜூஸ்?"

"காலைலதான்க்கா அயர்ன் பண்ணிப் போட்டேன். கடைசிச் சட்டைன்னு தெரிஞ்சிருந்தா அந்த மெரூன் கலரைப் போட்டிருப்பேன்."

"டம்ளர்ல எவ்வளவு இருந்தது?"

"அரை டம்ளர்."

"நெறைஞ்சு இல்ல?"

"அரைதான்க்கா. அரைக்கே இப்படி எரியுது."

அவள் ஷ்யாம்சுந்தரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஏசி ரிமோட்டை எடுத்துக் குளிர்ச்சியைக் கூட்டிக்கொண்டிருந்தார். லோகநாயகி கதவைத் திறந்து தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தாள். தண்ணீர் கேன் ஸ்டாண்டுக்குக் கீழே, பிள்ளைகள் சிந்திய பிஸ்கட் தூளைச் சுற்றி, சிவப்பெறும்புகள் சாரைசாரையாகப் போய்க்கொண்டிருந்தன.

"உமேஷ், இங்க வா. வாசப்படிக்கு உள்பக்கமா தரையில படு. சட்டை வெளிப்பக்கம் பாத்த மாதிரி."

"எதுக்குக்கா?"

"எறும்பு வரட்டும்."

"நான் இன்னும் சாகலியேக்கா!"

"வந்தா நீ சாகமாட்டே. படு."

உமேஷ் படுத்தான். மனித குலம் இதுவரை எறும்புக்காக இப்படிக் காத்திருந்ததில்லை. முதலில் ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்தது. மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. அவன் பக்கம் திரும்பியது. பின்னால் இன்னும் நாலைந்து. உமேஷ் மூச்சைப் பிடித்துக்கொண்டான். தன் வாழ்நாளில் எந்தப் பெண்ணும் தன்னை நோக்கி இவ்வளவு தீர்மானமாக நடந்து வந்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"வா தாயி, வா," என்றான் மெதுவாக. "கூச்சப்படாத."

எறும்புகள் வாசலுக்கு வந்தன. மிதியடியின் ஓரத்தில் நின்றன. தடுமாறின. ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பிறகு, ஏதோ பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டது போல, வந்த வழியே திரும்பிப் போயின.

ஜோவிதாவின் விசும்பல் மட்டும் கேட்டது. உமேஷுக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. பயம் என்பது இதுவரை வயிற்றில்தான் இருந்தது. இப்போது அது எழுந்து வந்து கண்ணில் உட்கார்ந்தது. அறை ஓரங்களில் இருட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா," என்றான். இந்தத் தடவை அவனுக்கு நகைச்சுவை எதுவும் கிடைக்கவில்லை. "அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. போன்ல சொல்லாதீங்க. வூட்டுக்குப் போய்ச் சொல்லுங்க."

"பார்த்தீர்களா!" என்றார் ஷ்யாம்சுந்தர். "எறும்புக்குத் தெரிகிறது நஞ்சு எதுவென்று. ஐந்தறிவு ஜீவன்! பாவம் தம்பி. அகாடமி சார்பில் ஓர் இரங்கல் கூட்டம்..."

லோகநாயகி மிதியடியைக் காலால் எத்தித் தள்ளினாள்.

அதற்கு அடியில், வாசப்படியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, தடிமனாக ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. எறும்புச் சாக்பீஸ். ஒரு தடவை இழுத்ததல்ல. மேலே மேலே பல தடவை இழுத்து, கோலம் போல அப்பியிருந்தது.

"உமேஷ், கோட்டுக்கு அந்தப் பக்கம் உருளு."

அவன் கண்ணை மூடிக்கொண்டு உருண்டான். தாழ்வாரத்துத் தரை சூடாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மார்பில் ஏதோ ஊர்ந்தது. ஒன்று, இரண்டு, ஒரு கூட்டம். அரை டப்பா சென்டையும் மதிக்காமல், விறைத்த துணிமேல் ஏறி, எறும்புகள் பந்தி உட்கார்ந்தன. இடம் கிடைக்காத ஒன்று சட்டைப் பொத்தான் இடுக்கில் நுழைந்து, சுரீரென்று கடித்தது.

"ஐயோ!" என்று உமேஷ் துள்ளி எழுந்தான். "கடிச்சிருச்சுக்கா! கடிச்சிருச்சு! ஆறு மடங்குக்கா! ஆறு!"

ஜோவிதா அழுதுகொண்டே சிரித்தாள். லோகநாயகி சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போனாள். வாசலில் மட்டுமல்ல. டைரக்டர் மேஜையின் நாலு கால்களைச் சுற்றியும் வெள்ளை வட்டம் போட்டிருந்தது.

"கட்டடம் பூரா எறும்பு சார். லேப்ல இருக்கு, வராந்தாவுல இருக்கு. எங்கயும் சாக்பீஸ் கோடு இல்ல. இந்த ஒரு ரூமுக்கு மட்டும்தான் கோட்டை கட்டியிருக்கு. சர்க்கரையையே தொடாத மனுஷன் ரூமுல எறும்புக்கு என்ன வேலை?"

"அது... சுகாதாரம்..."

"இதை விடுங்க. முதல்லேயே எனக்கு இடிச்சது வேற. இந்த ரூம்ல எல்லாரும் பயந்தோம். இவன் உயிரே போற மாதிரி பயந்தான். அந்தப் பொண்ணு அழுதா. எனக்கு இன்னும் கை நடுங்குது. ஆனா டம்ளர் உங்களுது சார். அது அரை டம்ளர்தான் இருந்தது. மேல் பாதியை யார் குடிச்சா? அதுல வெஷம்னா, அந்த வெஷம் இவனுக்கு முன்னாடி உங்க வயித்துலதான் இருக்கு. ஆம்புலன்ஸ்ல எனக்கும் ஒரு இடம் போடுங்கன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கலியே? ஏசியைக் கூட்டிட்டு உக்காந்திருந்தீங்களே!"

ஷ்யாம்சுந்தரின் கட்டிய கைகள் தாமாக அவிழ்ந்தன.

"கீழ் டிராயரைத் திறங்க சார். அலமாரி சாவியும் அங்கதான் இருக்கும்."

திறந்தார். மூடி இல்லாத பாட்டில் ஒன்று, கால்வாசித் திரவத்தோடு, சாய்ந்த வாக்கில் நின்றது. பக்கத்தில் ஒரு ஸ்பூன், அலமாரிச் சாவி, பாதி தேய்ந்த எறும்புச் சாக்பீஸ்.

வேந்தரின் செந்தமிழ் போன இடம் தெரியவில்லை. "என்ன மேடம் பண்றது?" என்றார். "கேமரா முன்னாடி சபதம் பண்ணிட்டேன். வீட்டுல என் ஒய்ஃப் விஷ்ணுப்ரியா சர்க்கரை டப்பாவையே தூக்கிப் போட்டுட்டா. பேக்கரி பக்கம் போனா யாராவது ஒரு பேரன்ட் போனைத் தூக்கிடறாங்க. டீக்கடையில நின்னாக்கூட 'சார், சர்க்கரை இல்லாமதானே?'னு பக்கத்துல நிக்கறவன் கேக்கறான். இந்த நாலுல ஒண்ணு குளுக்கோஸ்னு முகிலன் கிளாஸ்ல சொன்னது காதுல விழுந்தது."

"நாலுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஸ்டிக்கரையும் உரிச்சாச்சே. நீங்க கெமிஸ்ட்ரி ஆளு, கணக்குப் போட்டீங்களா?"

ஷ்யாம்சுந்தர் தரையைப் பார்த்தார்.

"நான் பி.காம். மேடம். எந்த மூடியில எறும்பு மொய்க்குதுன்னு பாத்தேன்."

உமேஷ் சட்டையை உதறிக்கொண்டே அவர் முன்னால் வந்து நின்றான். "நான் சாவறேன், சாவறேன்னு கத்திகினு கெடக்கறேன். நீ பக்கத்துல நின்னு எரங்கல் கூட்டம் போடறே! குளுக்கோஸ்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலியா?"

"ஆம்புலன்ஸ்ல கூட்டிட்டுப் போய் ஒண்ணுமில்லன்னு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன் தம்பி."

"இவ்வளவு ஒளிக்கறவர் எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" என்றாள் லோகநாயகி.

"பேரன்ட்ஸ் முன்னாடி இந்தப் பொண்ணு சொல்லிட்டா. ஏதாவது நடவடிக்கை எடுத்த மாதிரி காட்டணுமே. நீங்க கல்யாண விசாரணைதான் பண்ணுவீங்கன்னு சொன்னாங்க." குரலை இன்னும் தாழ்த்தினார். "கண்டுபிடிக்கமாட்டீங்கன்னு கேரண்டி கொடுத்தாங்க."

லோகநாயகியின் முகத்தில் ஒரு சின்ன அசைவு தெரிந்து மறைந்தது. "முதல்ல முகிலனுக்குப் போன் போடுங்க," என்றாள். "அவர் மேல புகார் இல்லன்னு உங்க வாயால சொல்லுங்க. மீதி மூணு பாட்டிலும் எதுன்னு அவரே வந்து எழுதிட்டுப் போகட்டும். நீங்க மூடியைத் திறந்து பாக்காதீங்க. எல்லாத்தையும் எறும்பு சொல்லாது."

கீழே சைரன் கேட்டது. ஆம்புலன்ஸ் ஒருவழியாக வந்து சேர்ந்திருந்தது. பாலு என்ற உதவியாளர் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். உமேஷின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். நாக்கு, தொண்டை, எதிலும் ஒரு புண் இல்லை. பிரஷர் பார்த்தார். பயத்தில் ஏறியது இன்னும் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

"எரியுதுன்னாங்களே, இப்ப எரியுதா?"

உமேஷ் யோசித்துப் பார்த்தான். தொண்டையில் எரிச்சல் எப்போது நின்றது என்று அவனுக்கே தெரியவில்லை. "எறும்பு கடிச்ச எடம் மட்டும் எரியுதுண்ணா."

"எதுக்கும் நான் மேல சொல்லணும். கரெக்டா இன்னா குடிச்சாரு?"

"குளுக்கோஸ் தண்ணி," என்றாள் லோகநாயகி. "அரை டம்ளர்."

"வேற எதுவும் கலக்கலியே?"

"என்னத்தைக் கலக்கறது?" உமேஷுக்குப் பழைய குரல் திரும்பியிருந்தது. "அடுத்தவன் டம்ளர்ண்ணா. வாய்கூட வெக்கலை. அண்ணாந்து ஊத்திக்கினேன். எச்சில்ங்கற பேச்சே நம்மகிட்ட கெடையாது."

பாலு ஷ்யாம்சுந்தர் பக்கம் திரும்பினார். "சார், டம்ளர் உங்களுது. வேற எதுவும் இல்லன்னு நீங்க சொன்னாப் போதும்."

ஷ்யாம்சுந்தர் கைக்குட்டையை எடுத்து மீசையை ஒற்றினார். ஜோவிதாவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். உமேஷை மட்டும் பார்க்கவில்லை.

துப்பறிகிறவர்கள் வந்திருப்பதாகச் சொல்லி ஜோவிதா கதவைத் தட்டியபோது அவர் வாய் நிறைய குளுக்கோஸ் இருந்தது. பதில் சொல்ல வேண்டியிருந்ததால், அதை அவர் டம்ளரிலேயே திருப்பித் துப்பியிருந்தார்.